கன்ட்ரி சாயல் எங்கிருந்து வருகிறது? 'பிக் பிங்க்' ஆல்பத்தை வைத்து ஒரு விளக்கம்

'ஃபோக்', 'கன்ட்ரி' இரண்டையும் தமிழில் சொல்லப் போனால் இரண்டுமே 'நாட்டுப்புற இசை' என்று வந்து நின்றுவிடுகின்றன. அமெரிக்க இசையைப் புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவருக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான். 'கன்ட்ரி சாயல் கொண்ட ஃபோக் ராக்' என்று ஒரு ஆல்பத்தை யாராவது அறிமுகப்படுத்தினால், ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர் வைத்ததுபோல் தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது ஒரே ஒரு இசைத்தட்டு: 1968 ஜூலை 1-ஆம் தேதி வெளிவந்த 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்'. 'தி பேண்ட்' என்ற குழுவின் முதல் ஆல்பம்.

ஆல்பம் என்றதும் நமக்குப் படப் பாட்டுகளின் தொகுப்புதான் நினைவுக்கு வரும். அந்தப் பாட்டுகளைத் தாங்கிப் பிடிக்க ஒரு கதையும் காட்சிகளும் இருக்கும். 1960-களின் ராக் ஆல்பத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம் ஓடும் வினைல் தட்டு, எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில் என்ற வரிசை, அட்டையில் சில படங்கள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை எல்லாம் இவற்றுக்குள் சொல்லியாக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முதலில் ஃபோக்கும் கன்ட்ரியும் எப்படிப் பிரிந்தன என்பதைப் பார்ப்போம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிக்குக் குடியேறியவர்கள் தங்கள் கதைப்பாடல்களையும் ஃபிடிலையும் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியாக பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வந்தது. தேவாலயப் பாட்டுகள் எல்லா வீடுகளிலும் இருந்தன. இதெல்லாம் நூறு வருடத்துக்கு மேல் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. அப்புறம் 1920-களில் ரேடியோவும் இசைத்தட்டும் வந்தன. 1927-இல் டென்னசியின் பிரிஸ்டல் என்ற ஊரில் நடந்த ஒலிப்பதிவில்தான் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதல்முறையாகப் பதிவானார்கள். இந்தக் கிளை நாஷ்வில் நகரத்தை மையமாகக் கொண்டு ஒரு தொழிலாக வளர்ந்தது. தென்மாநில விவசாயிகள், ஆலைத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள் இதைக் கேட்டார்கள். இதுதான் கன்ட்ரி.

இன்னொரு கிளை வேறு கைகளுக்குப் போனது. பழைய பாடல்களைத் தேடிச் சேகரித்தவர்கள், வூடி கத்ரி, பீட் சீகர் போல இடதுசாரிப் பற்றுள்ள பாடகர்கள், தொழிற்சங்கக் கூட்டங்கள், பல்கலைக்கழக மாணவர்கள், நியூயார்க்கின் காபிக் கடை மேடைகள். கையில் மின்சாரம் இல்லாத கிட்டார், பாட்டில் ஒரு நியாயம். இது ஃபோக். ஒரே கதைப்பாடலை இரண்டு பக்கமும் பாடுவார்கள். ஆனால் கேட்பவர்கள் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள்.

ஃபோக் ராக்கை விளக்குவது சுலபம். 1965-இல் 'தி பேர்ட்ஸ்' என்ற குழு, ஃபோக் பாடகர் பாப் டிலனின் பாட்டு ஒன்றை எடுத்து, அதற்கு டிரம்ஸும் பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்த்துப் பாடியது. அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அதே வருடம் ஜூலை 25-ஆம் தேதி நியூபோர்ட் ஃபோக் விழாவில் டிலனே எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கத்தித் தீர்த்தது. பாடலின் சொல்லும் கதையும் ஃபோக், அடியில் ஓடும் தாளமும் ஒலியும் ராக். இவ்வளவுதான் விஷயம்.

கன்ட்ரி சாயல் என்பதுதான் கொஞ்சம் கடினம். பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றைச் சேர்த்தால் சாயல் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அழுகுரல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஒலியைக் கேட்டதும் 'இது கன்ட்ரி' என்று யாரும் சொல்லிவிடுவார்கள். 1968-இல் அதே பேர்ட்ஸ் குழு நாஷ்வில்லுக்கே போய் ஸ்டீல் கிட்டார் முன்னால் நிற்கும் ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்தது. நல்ல ஆல்பம், அதையும் கேளுங்கள். ஆனால் அதே கோடையில் வந்த 'பிக் பிங்க்'கில் பெடல் ஸ்டீல் இல்லை. பேஞ்சோ இல்லை. ஐந்து பேரில் நான்கு பேர் அமெரிக்கர்களே இல்லை, கனடாக்காரர்கள். இருந்தும் கேட்டவுடன் தென்மாநிலத்துக் கிராமம் ஒன்றின் மண்வாசனை வருகிறது. அப்படியானால் சாயல் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இந்த இசைவகையே புரிந்துவிடும்.

ஐந்து பேர் யார் என்று பார்ப்போம். டிரம்ஸ் வாசிக்கும் லெவன் ஹெல்ம் அர்க்கன்சா மாநிலத்துப் பருத்தி விவசாயியின் மகன். பேஸ் கிட்டார் வாசிக்கும் ரிக் டேன்கோ கனடாவின் ஒன்டாரியோவில் சிம்கோ என்ற ஊர்ப் பக்கம் வளர்ந்தவர். பியானோவுக்கு ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் மேனுவல். கிட்டாருக்கு டொரண்டோவின் ராபி ராபர்ட்சன். அவருடைய தாயார் சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடியினர் பகுதியில் வளர்ந்தவர். ஆர்கனுக்கு கார்த் ஹட்சன், முறையாக இசை படித்தவர், தன் மாமா நடத்திய இறுதிச்சடங்குக் கூடத்திலும் ஆர்கன் வாசித்தவர்.

இவர்களை ஒன்று சேர்த்தவர் ரானி ஹாக்கின்ஸ் என்ற அர்க்கன்சா பாடகர். ஒன்டாரியோவின் மதுக்கூடங்களில் நல்ல வரவேற்பு இருப்பதைக் கண்டு, ஹெல்மையும் கூட்டிக்கொண்டு வடக்கே வந்தார். சொந்த ஊர் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, அந்த இடங்களுக்குக் கனடா இளைஞர்களை எடுத்தார். 1961 முடியும்போது ஐவரும் சேர்ந்துவிட்டார்கள். ஹட்சன் மட்டும் லேசில் வரவில்லை. இவ்வளவு படித்துவிட்டு மதுக்கூடத்தில் வாசிப்பதா என்று வீட்டில் ஒப்பமாட்டார்கள். அதனால் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் என்று பெயர் வைத்து, பாடத்துக்கென்று வாரம் 10 டாலர் ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் வந்து சேர்ந்தார்.

கனடாக்காரர்களுக்குத் தென்மாநில இசை எப்படித் தெரியும் என்று கேட்கலாம். இரவு ரேடியோதான் காரணம். ஏ.எம். அலைகள் பகலில் அதிக தூரம் போகாது. இருட்டியதும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்து விழும். நாஷ்வில்லின் ப்ளூஸும் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபு) கன்ட்ரியும் ஒன்டாரியோவில் போர்வைக்குள் படுத்திருந்த பையன்களின் காதுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தன. ஹெல்முக்கோ அது ரேடியோவில் வந்த சங்கதி இல்லை, வீட்டு வாசலில் இருந்தது. பக்கத்து ஹெலீனா நகரத்தில் சானி பாய் வில்லியம்சன் ப்ளூஸ் வாசிப்பதை நேரிலேயே பார்த்து வளர்ந்தவர். ஒருவருக்கு அது ஊர், நால்வருக்கு அது தூரத்திலிருந்து கேட்ட ஊர். இந்த ஆல்பத்தில் வரும் கிராமம் நிஜமாகவும் கனவாகவும் ஒரே நேரத்தில் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1964-க்குள் ஹாக்கின்ஸிடமிருந்து பிரிந்துவிட்டார்கள். அடுத்த வருடம் டிலன் இவர்களைத் தன் எலெக்ட்ரிக் மேடைக்கு அழைத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போய்க் கூச்சல் வாங்கியதுதான் மிச்சம். மனம் வெறுத்த ஹெல்ம் நடுவிலேயே விலகி, மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். 1966 ஜூலையில் டிலன் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் கிராமத்தில் ஒதுங்கினார். மற்றவர்களும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 1967-இல் டேன்கோ, மேனுவல், ஹட்சன் மூவரும் வெஸ்ட் சாகர்டீஸ் என்ற இடத்தில், வெளிச்சுவர் முழுக்க இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதுதான் பிக் பிங்க்.

அந்த வீட்டின் நிலவறையில் டிலனோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் பாடினார்கள். பழைய கதைப்பாடல்கள், கன்ட்ரி பாட்டுகள், தேவாலயப் பாட்டுகள், அங்கேயே எழுதிய புதுப் பாட்டுகள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவை நாடாவில் பதிவாகின. வெளியிட வேண்டும் என்று யாரும் பாடவில்லை. சிறிய அறை அது. உரக்க வாசித்தால் பக்கத்தில் இருப்பவர் பாடுவது காதில் விழாது. கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று ஒரு வருடம் அலறிய வாத்தியங்கள் இங்கே தணிந்தன. ஒருவர் இன்னொருவருக்கு இடம் விட்டு வாசிக்கப் பழகினார்கள். அந்த வருடக் கடைசியில் ஹெல்மும் திரும்பி வந்துவிட்டார்.

'முதல் ஆல்பம்' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது புதுமுகங்களின் வேலை என்ற எண்ணத்தை உண்டாக்கும். இவர்கள் ஸ்டூடியோவுக்குப் போனபோது சேர்ந்து வாசிக்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எத்தனையோ ஊர்களின் மதுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான இரவுகள். பல முதல் ஆல்பங்களில் தெரியும் துடிப்பும் அவசரமும் இதில் இல்லை. இது நிதானமானவர்களின் முதல் ஆல்பம்.

தயாரிப்பாளர் ஜான் சைமன். நியூயார்க்கிலும் பிறகு லாஸ் ஏஞ்சலஸிலும் பதிவு நடந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனித் தடுப்புக்குள் உட்கார வைத்து ஒலியைப் பிரித்து எடுப்பது அன்றைய ஸ்டூடியோ வழக்கம். இவர்களோ தடுப்புகளை எடுத்துவிட்டு, நிலவறையில் இருந்த மாதிரியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். ஒருவர் மைக்கில் இன்னொருவர் ஒலி கசிந்திருக்கும். அந்தக் கசிவுதான் அறையின் வாசனை.

இப்போது பாட்டுகளுக்கு வருவோம். மொத்தம் 11 பாட்டுகள். எல்லாவற்றையும் விளக்கப் போவதில்லை.

முதல் பாட்டு 'டியர்ஸ் ஆஃப் ரேஜ்'. ராக் ஆல்பம் துள்ளலான பாட்டோடு தொடங்குவதுதான் அன்றைய வழக்கம். இது இறுதி ஊர்வலம் மாதிரி மெதுவாக நடக்கிறது. தன்னை விட்டுப் போய்விட்ட மகளை நினைத்து ஒரு தந்தை அழுகிறார். அவருக்குக் கோபமும் இருக்கிறது, விட முடியாத பாசமும் இருக்கிறது. சொற்கள் டிலன், மெட்டு மேனுவல். பாடும்போது மேனுவலுக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு முதியவரின் தளர்ச்சி இருக்கிறது. 1968-இல் இது எவ்வளவு வித்தியாசமாக ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வியட்நாம் போர் நடக்கிறது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெற்றோர் தலைமுறையை நம்பாதே என்பதுதான் இளைஞர்களின் குரலாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு ராக் குழு தன் ஆல்பத்தைப் பெற்றவரின் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

அட்டையைத் திறந்தாலும் இதே சேதிதான். 'நெக்ஸ்ட் ஆஃப் கின்', அதாவது நெருங்கிய உறவினர் என்ற தலைப்பில் ஒரு பெரிய குடும்பப் படம். சிம்கோவில் டேன்கோ குடும்பத்துப் பண்ணையில் எலியட் லேண்டி எடுத்தது. அப்பா, அம்மா, சித்தி, மாமா, பாட்டி என்று எல்லோரும் நிற்கிறார்கள். அர்க்கன்சாவிலிருந்து வர முடியாத ஹெல்மின் பெற்றோரைத் தனிப்படமாக ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கன்ட்ரி இசையின் உயிர் இங்கே இருக்கிறது. குடும்பம், ஊர், சபை, வயதானவர்கள், சாவு. ஃபோக் ராக் பாடகர் பெரும்பாலும் தனி ஆளாக நின்று உலகத்தைப் பார்த்துப் பேசுவார். இந்தப் பாட்டுகளில் பேசுபவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள்.

'தி வெயிட்' பாட்டில் அது நன்றாகத் தெரியும். களைத்துப்போன ஒரு வழிப்போக்கன் நாசரேத் என்ற ஊருக்கு வந்து படுக்க இடம் கேட்கிறான். கேட்ட ஆள் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டே இல்லை என்கிறான். அப்புறம் ஒவ்வொரு சரணத்திலும் ஒரு ஆளைச் சந்திக்கிறான். ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தை இவன் தலையில் ஏற்றுகிறார்கள். ஊரார் எல்லோருக்கும் வணக்கம் சொல்லச் சொல்லி ஃபேனி என்ற பெண் அனுப்பித்தான் இவன் வந்தானே! நாசரேத் என்றதும் பைபிள் ஊர்தான் நினைவுக்கு வரும். ஆனால் பென்சில்வேனியாவிலும் ஒரு நாசரேத் உண்டு. மார்ட்டின் கிட்டார்கள் அங்கேதான் தயாராகின்றன. கிட்டாரின் வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தபோது அந்த ஊர்ப் பெயரைப் படித்ததில்தான் பாட்டே தொடங்கியது என்று ராபர்ட்சன் சொல்லியிருக்கிறார். இரண்டு நாசரேத்தும் பாட்டுக்குள் ஒன்றாகிவிடுகின்றன.

பல்லவியில் காதைத் தீட்டிக் கேளுங்கள். கடைசி அடிக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லை மூன்று குரல்கள் சேர்ந்து பாடாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து பிடிக்கின்றன. மூன்றும் மூன்று நிறம். ஹெல்மின் குரலில் அர்க்கன்சா புழுதி இருக்கிறது. டேன்கோவின் குரல் கொஞ்சம் பதறும். மேனுவலின் குரல் உச்சத்துக்குப் போகும்போது விரிசல் விடும். கன்ட்ரி இசையில் சகோதரர்கள் சேர்ந்து பாடும் மரபு ஒன்று உண்டு; அதில் இரண்டு குரல்களும் ஒட்டி ஒரே குரலாகிவிடும். இங்கே ஒட்டுவதில்லை. சிறிய தேவாலயத்தில் அவரவர் குரலில் அவரவர் பாடும்போது எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. சாயல் எங்கே என்று கேட்டோமே, என் பதில் இதுதான்: வாத்தியத்தில் தேடாதீர்கள், இந்தக் குரல்கள் ஒன்றுக்கொன்று இடம்விடும் முறையில் தேடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் 'லாங் பிளாக் வெயில்' என்ற ஒரே ஒரு பழைய பாட்டு இருக்கிறது. நான் மேலே சொன்ன மூன்று வகைகளையும் ஒரே பாட்டில் காட்ட வேண்டுமானால் இதைத்தான் எடுப்பேன். ஊர் மண்டபத்து விளக்கடியில் ஒரு கொலை நடக்கிறது. பழி ஒருவன்மேல் விழுகிறது. அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று நீதிபதி கேட்கிறார். நெருங்கிய நண்பனின் மனைவியோடு இருந்தான். அதைச் சொன்னால் உயிர் தப்பும், அவள் மானம் போகும். சொல்லாமலே தூக்கில் தொங்குகிறான். கறுப்புத் திரை அணிந்து இரவில் அவள் வந்து அழும் கல்லறைக்குள்ளிருந்து அவனே இந்தக் கதையைப் பாடுகிறான். இருநூறு வருடத்துப் பாட்டு என்றுதான் யாரும் நம்புவார்கள். ஆனால் டேனி டில், மேரிஜான் வில்கின் என்ற இரண்டு நாஷ்வில் எழுத்தாளர்கள் எழுதி, 1959-இல் லெஃப்டி ஃபிரிஸெல் பாடிய கன்ட்ரி பாட்டு இது. பழைய கதைப்பாடல் மாதிரி இருக்க வேண்டும் என்றே எழுதினார்கள். சில வருடத்தில் ஃபோக் பாடகி ஜோன் பேயஸ் அதை ஃபோக் மேடைக்குக் கொண்டுபோனார். 1968-இல் டேன்கோ பாடி ஒரு ராக் ஆல்பத்தில் ஏற்றினார். பாட்டு மாறவில்லை, திண்ணைதான் மாறியது.

'செஸ்ட் ஃபீவர்' வேறு ரகம். ஹட்சன், மேற்கத்திய செவ்விசை மேதை பாக் எழுதிய 'டொக்காட்டா' என்ற ஆர்கன் இசையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து ஆர்கனில் இடி மாதிரி தொடங்குவார். அன்று ராக் குழுக்களில் ஹாமண்ட் நிறுவனத்து ஆர்கன்தான் பழக்கம், இவர் வாசிப்பது லோரி என்ற வேறு நிறுவனத்து ஆர்கன். ஆல்பத்தில் கன்ட்ரியிலிருந்து ரொம்பத் தள்ளி நிற்பது இந்தப் பாட்டுதான். சாயல் என்றால் சாயல்தான், முழு உருவம் கிடையாது என்பதற்கு இதை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

விற்பனை பெரிதாக இல்லை. அமெரிக்கப் பட்டியலில் ஆல்பம் 30-ஆம் இடம், 'தி வெயிட்' 63-ஆம் இடம். ஆனால் இசைக்கலைஞர்களிடம் இது காட்டுத்தீயாகப் பரவியது. நீண்ட கிட்டார் தனிவாசிப்புகளுக்குப் பெயர்போன 'க்ரீம்' குழுவில் இருந்த எரிக் கிளாப்டன் இதைக் கேட்டபிறகு தன் குழுவின் இசையிலேயே மனம் விட்டுப்போனதாகச் சொன்னார். 'பீட்டில்ஸ்' குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் அந்த வருடமே உட்ஸ்டாக் வந்து இவர்களோடு நாட்கள் கழித்தார். சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் 1969-இல் 'தி வெயிட்' பாடினார். இன்று இந்த வகை இசைக்கு 'அமெரிக்கானா' என்று பெயர். அதற்கென கிராமி தனி ஆல்பம் விருதை ஏற்படுத்தியபோது, 2010-இல் முதல்முதலாக அதை வாங்கியவர் லெவன் ஹெல்ம்.

வருத்தமான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இந்த முதல் ஆல்பத்தில் மேனுவலுக்கும் ராபர்ட்சனுக்கும் ஏறத்தாழ சமமாகப் பாட்டுகள் இருக்கின்றன. அடுத்தடுத்த ஆல்பங்களில் எழுதியவர் என்ற இடத்தில் ராபர்ட்சன் பெயரே நிறைந்தது. எல்லோரும் சேர்ந்து உருவாக்கியதற்கு ஒருவர் பெயரா என்று ஹெல்ம் கடைசிவரை மனத்தாங்கலோடு இருந்தார். மேனுவல் 1986-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். டேன்கோ 1999-இலும் ஹெல்ம் 2012-இலும் ராபர்ட்சன் 2023-இலும் இறந்தார்கள். மிஞ்சியிருந்த ஹட்சனும் 2025 ஜனவரியில் போய்விட்டார்.

கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சிறிய யோசனை. இணையத்தில் இதன் பல பதிப்புகள் கிடைக்கும். 2018-இல் புதிதாக ஒலிக்கலவை (மிக்ஸிங்) செய்த பதிப்பில் ஒவ்வொரு வாத்தியமும் பளிச்சென்று பிரிந்து கேட்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம், பழைய கலவையையே எடுங்கள். அறை மொத்தமாகக் கேட்கும். வரிசையை மாற்றாமல் இரண்டு பக்கமாகக் கேளுங்கள், 'தி வெயிட்' முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள், தட்டைத் திருப்பிப் போடும் நேரம் அது. பதினோராவது பாட்டு 'ஐ ஷல் பி ரிலீஸ்டு'. மேனுவல் தன் சொந்தக் குரலை விட்டு, கீச்சுக்குரலுக்குப் பக்கத்தில் போய்ப் பாடுவார். சிறைச் சுவருக்குள் இருக்கும் ஒருவன் விடுதலையைப் பற்றி நினைக்கும் பாட்டு. அது முடிந்தபிறகு பல பதிப்புகளில் கூடுதல் பாட்டுகள் தானாக ஓட ஆரம்பிக்கும். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.